சடைமுடியில் ஈர வாடை: மொட்டை வேண்டாம்

தம்பி, அப்பத்தா சொல்கிறார் என்று மொட்டை அடித்துவிடாதீர்கள். சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கு அப்புறம் உங்கள் சடைமுடியில் (பின்னல் இல்லை, திரிதிரியாகத் திரண்ட டிரெட்லாக்ஸ்) வாடை, தலையில் அரிப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். உள்ளே காயாத ஈரம்தான் பெரும்பாலும் காரணம். தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், நடுவில் பூஞ்சை பிடித்திருக்கலாம்.

சடை முழுக்க நல்லெண்ணெய் தேய்ப்பதையும் சீயக்காய்த் தூளையும் நிறுத்துங்கள். தூள் உள்ளே சிக்கினால் லேசில் வெளியே வராது. வாரம் ஒருமுறை ஷாம்பூவைத் தண்ணீரில் கரைத்து, விரல் நுனியால் தலைத்தோலை மட்டும் தேய்த்து, நுரையைச் சடை வழியாக வழிய விடுங்கள். வழுவழுப்பு போகும்வரை அலச வேண்டும். காரைக்குடியில் உங்கள் வீட்டு போர் தண்ணீர் உப்பு என்றால், கடைசி அலசலுக்கு ஒரு குடம் நல்ல தண்ணீர் எடுத்து வையுங்கள்.

காலையிலேயே குளித்துவிடுங்கள். ஒவ்வொரு சடையாகத் துண்டில் சுற்றிப் பிழிந்து, வளவில் (வீட்டு உள்முற்றத்தில்) வெயில் விழும் பக்கம் உட்காருங்கள். ஈரத்தோடு கொண்டை போடவே கூடாது. வேரை இறுக்கி முறுக்கவும் வேண்டாம், முன்நெற்றி முடி கொட்டிப்போகும்.

செதிலும் வட்டத் திட்டும் தெரிந்தால் தோல் மருத்துவரிடம் போங்கள். தலையில் வரும் படர்தாமரைக்கு ஷாம்பூ போதாது, மாத்திரை வேண்டும்.