கப்பலில் ஓட்டை, புல்லில் இல்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் ஊர் நீடாமங்கலம் பக்கம். பள்ளியில் படிக்கும்போது ஊர்க் கேபிள்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை ‘தி லாஸ்ட் வேர்ல்ட்: ஜுராசிக் பார்க்’ படத்தை ஆங்கிலத்திலேயே போட்டார். வசனம் ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் முதல் படத்தைவிட எனக்கு இன்றும் அதுதான் பிடிக்கும். போன மாதம் மகனோடு உட்கார்ந்து பார்த்தேன். பல இடங்களில் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்கு முகம் சுண்டிவிட்டது. அது நல்ல படம்தானே, ஜனங்கள்தான் புரிந்துகொள்ளவில்லையா? இல்லை, எனக்கு இருப்பது வெறும் சின்ன வயசுப் பாசமா?

அன்புடன்,
ச.

அன்புள்ள ச.,

இரண்டும் இல்லை.

முதலில் உங்கள் மகன் பக்கம் பேசிவிடுகிறேன். டி-ரெக்ஸ் என்ற ராட்சத டைனோசரை ஏற்றிக்கொண்டு ஒரு கப்பல் அமெரிக்காவின் சான் டியேகோ வந்து துறையில் மோதுகிறது. ஆட்கள் செத்துக் கிடக்கிறார்கள். சுக்கானைப் பிடித்தபடி ஒரு கை மட்டும் மிச்சம். டி-ரெக்ஸோ கீழே சரக்கு அறையில் இருக்கிறது. அப்படியானால் மேலே இருந்தவர்களைக் கொன்றது யார்? படம் கடைசிவரை வாயே திறப்பதில்லை. கதாநாயகன் மால்கமின் மகள் கம்பியில் சுழன்று வந்து ராப்டர் என்ற வேட்டை டைனோசரை எட்டி உதைக்கிற இடத்தில் நானும் சிரிப்பேன்.

எனக்கு இதைவிடப் பெரிய உறுத்தல் வேறு. கால் ஒடிந்த டி-ரெக்ஸ் குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து வண்டிக்குள் வைத்துக் கட்டுப் போடுகிறார்கள் மால்கமின் காதலி சாராவும் படம்பிடிக்க வந்த நிக்கும். குட்டியைத் தேடித் தாயும் தகப்பனும் வருகின்றன. எல்லோரையும் காப்பாற்றப் போராடிய எடி என்ற அப்பாவி செத்துப்போகிறான். வேட்டைக்காரர் ரோலண்டின் துப்பாக்கித் தோட்டாவை உருவி வைத்துக்கொள்வதும் இதே நிக்தான். அதனாலும் ஆட்கள் சாகிறார்கள். படம் அவனை நல்லவன் என்கிறது! வில்லன் பக்கத்து ஆளான ரோலண்டுதான் பொறுப்பாக நடந்துகொள்கிறார்.

தொடர்ச்சி எழுதப்பட்ட விதமே ஒட்டுப்போட்ட வேலைதான். மூலக்கதை எழுதிய மைக்கேல் கிரைட்டன் முதல் நாவலில் செத்துப்போனதாகச் சொன்ன மால்கமை 1995 நாவலில் பிழைக்கவைத்துக் கூட்டிவந்தார். அந்த நாவலில் இல்லாத சான் டியேகோ கதையை 1997இல் இயக்குநர் ஸ்பீல்பெர்க் படத்தின் வாலில் கட்டினார். ஒரு படம் முடிந்த பிறகு இன்னொரு குட்டிப் படம் ஆரம்பிப்பதுபோல இருக்கும்.

ஆக, ‘புரிந்துகொள்ளப்படாத நல்ல படம்’ என்று உங்களுக்காக நான் சாட்சி சொல்ல முடியாது. ஆனால் சின்ன வயசுப் பாசம் என்று ஒதுக்கவும் மாட்டேன். மேலே நான் அடுக்கிய குறைகளைப் பாருங்கள். பெரும்பாலும் எல்லாம் காரணம் சம்பந்தப்பட்டவை. யார், ஏன், எதற்காக என்று வசனத்தைப் பிடித்துக்கொண்டு போகிறவனுக்குத்தான் அவை இடறும். உங்களுக்கு ஆங்கிலம் தெரியாது. அதனால் படத்தின் பலவீனமான பாதி உங்கள் வீட்டுக்கு வந்து சேரவே இல்லை. வந்தது மற்றப் பாதி, அது அசல் சரக்கு.

மலை விளிம்பில் வண்டி தொங்குகிற காட்சி. சாரா பின்பக்கக் கண்ணாடிமேல் விழுந்து கிடக்கிறாள். கீழே அதலபாதாளம். அவள் கை ஊன்றிய இடத்தில் மெல்ல விரிசல் ஓடுகிறது, கூடவே அந்தச் சத்தம். அதற்கு எந்த மொழி வேண்டும்?

அப்புறம் அந்தப் புல். இரவில் ஆளுயரப் புல்லுக்குள் கூட்டம் ஓடுகிறது. “நீளப் புல்லுக்குள் போகாதீர்கள்” என்று கத்துகிறவர் அஜய் என்ற இந்தியர், ரோலண்டின் வேட்டைக் கூட்டாளி. ஒருவரும் கேட்பதில்லை. காமிரா மேலே போகிறது. ராப்டர் தெரிவதில்லை. புல் வகிடு எடுத்தமாதிரி பிரிந்து, கோடு கோடாக ஆட்களை நோக்கி வருகிறது. ஒவ்வொருவராகக் காணாமல் போகிறார்கள். இதை நியூயார்க்கில் உட்கார்ந்து பார்த்தவனுக்கு அது உத்தி. நீடாமங்கலத்துப் பையனுக்கு? சம்பாப் பயிர் கதிர் வாங்கி நிற்கும்போது காற்றே இல்லாமல் ஓரிடத்தில் மட்டும் தாள் அசைந்தால் வரப்பில் நின்றுவிடுகிற ஆட்கள் நாம். எலியா, அதைத் துரத்தும் சாரையா என்று அசைவின் வேகத்தை வைத்தே கிட்டி வைக்கிறவர்கள் சொல்லிவிடுவார்கள். அந்தக் காட்சியைப் பார்க்க உங்களுக்குப் பயிற்சி ஏற்கெனவே இருந்தது. அதைப் பாசம் என்று குறைத்துச் சொல்வது உங்கள் கண்ணுக்குச் செய்கிற அநியாயம்.

இது நம் பக்கத்துக்குப் புதிதும் இல்லை. தஞ்சாவூர்ப் பக்கத்து மெலட்டூரில் பாகவத மேளா என்ற நாட்டிய நாடகத்தில் பிரகலாத சரித்திரம் போடுகிறார்கள். வெங்கடராம சாஸ்திரி எழுதியது தெலுங்கில். பார்க்கிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அந்தத் தெலுங்கு விளங்காது. விடிய விடிய நடக்கும், நடுவில் கண் அசருவார்கள். தூணிலிருந்து நரசிம்மம் வருகிற நேரத்துக்கு ஒருத்தர் கண்ணிலும் தூக்கம் இருக்காது. (நாடகத்தை ஸ்பீல்பெர்க்கோடு சேர்த்துவிட்டேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.)

மகனிடம் வாதாட வேண்டாம். பிடித்த காட்சிகளை மட்டும் இரவில் விளக்கணைத்துப் போட்டுக் காட்டுங்கள். அடுத்து 2001இல் வந்த மூன்றாம் பாகத்தையும் கேட்பான். அதை ஸ்பீல்பெர்க் இயக்கவில்லை. அதில் விமானத்துக்குள் ஒரு கனவு வரும், ராப்டர் திரும்பிக் கதாநாயகனை “ஆலன்” என்று பெயர் சொல்லிக் கூப்பிடும். அங்கே அவன் சிரித்தால் தாராளமாக நீங்களும் சேர்ந்து சிரிக்கலாம்.