பிரெய்ல் அலமாரிக்கு முன்னால்: ஒரு கிளை நூலகத்தை எல்லோருக்கும் திறந்துவிடுவது எப்படி?

கேள்வி: கோவை மாவட்டத்துச் சிறுநகரம் ஒன்றின் கிளை நூலக வாசகர் வட்டத்திலிருந்து எழுதுகிறோம். நன்கொடையாக ரூ.50,000 அளவுக்குத் திரட்டியிருக்கிறோம். அதில் பிரெய்ல் நூல்கள் வாங்கி, மாற்றுத்திறனாளிகளுக்கெனத் தனிப் பிரிவு ஒன்று அமைக்க எண்ணியுள்ளோம். பெண்களும், ஊருக்கு வெளியே உள்ள ஆதிதிராவிடர் குடியிருப்பினரும், மில்களில் வேலை செய்யும் வட மாநிலத் தொழிலாளர்களும் எங்கள் நூலகத்துக்கு அநேகமாக வருவதே இல்லை. எங்கிருந்து தொடங்கலாம்?

பதில்: பிரெய்ல் நூல்கள் வாங்குவதை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். உங்கள் நோக்கத்தில் குறையில்லை. ஆனால், உங்கள் ஊரில் பிரெய்ல் படிக்கத் தெரிந்தவர் எத்தனை பேர் என்று விசாரிக்காமல் வாங்கப்படும் நூல்கள், திறப்பு விழாப் புகைப்படத்துக்குப் பிறகு யார் கையும் படாமல் கிடந்துவிடும். சிறப்புப் பள்ளிகளில் படித்தவர்களே பெரும்பாலும் பிரெய்ல் அறிந்தவர்கள். நீரிழிவாலோ கண் அழுத்த நோயாலோ நடுவயதுக்கு மேல் பார்வையை இழந்தவர்களுக்கு அது பெரும்பாலும் பழக்கமில்லை. அச்சில் ஒரே தொகுதியாக உள்ள நாவல் பிரெய்லில் பல தடித்த தொகுதிகளாக விரியும் என்பதால், சிறு நூலகத்தில் இடப் பிரச்சினையும் உண்டு. பிரெய்ல் படிக்கும் மாணவர் எவரேனும் இருந்தால், அவருக்குத் தேவையான நூலை மட்டும் வரவழைக்க முயலுங்கள். பூந்தமல்லியில் அரசு பிரெய்ல் அச்சகம் இருக்கிறது. சென்னை கோட்டூர்புரத்தில் 2010இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பிரெய்ல் பிரிவு இருக்கிறது.

உங்கள் தொகையின் பெரும்பகுதியை ஒரு கணினிக்கும், ஒலிக்கருவிக்கும், ஓர் எளிய ஸ்கேனருக்கும் ஒதுக்குவதே என் பரிந்துரை. என்விடிஏ என்னும் திரைவாசிப்பான் மென்பொருள் விலையின்றிக் கிடைக்கிறது. திரையில் உள்ள தமிழைக் குரலில் படித்துக் காட்டும். ஆண்ட்ராய்டு கைபேசிகளில், திரையில் உள்ளதைக் குரலில் சொல்லும் டாக்பேக் வசதி ஏற்கெனவே இருக்கிறது என்பதால், பார்வையற்ற வாசகர் பலருக்கு நூலகம் செய்ய வேண்டிய முதல் உதவி, அவர்கள் கையிலுள்ள கருவியைப் பழக்கிக் கொடுப்பதுதான்.

இங்கே தமிழுக்கே உரிய ஒரு சிக்கலைச் சொல்ல வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்பு கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும், திரைவாசிப்பானுக்கு அது பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல்தான். அதேபோல, வெறும் பக்கப் படங்களாகப் பதிவேற்றப்பட்ட பிடிஎஃப் நூல் அதற்கு வெற்றுத்தாள். எனவே நூற்பட்டியல், அறிவிப்பு, உறுப்பினர் படிவம் ஆகிய மூன்றையும், திரைவாசிப்பான் தமிழாகவே அறிந்துகொள்ளும் யூனிகோடு எழுத்துமுறையில் வைத்துக்கொள்ளுங்கள். படமாக உள்ள பக்கங்களை எழுத்துணரி மென்பொருள் வழியாக எழுத்தாக மாற்றுங்கள். கூகுள் டிரைவிலேயே தமிழுக்கு அந்த வசதி இருக்கிறது. பிழைகள் வரும், ஒருவர் உட்கார்ந்து திருத்த வேண்டும், வாசகர் வட்ட இளைஞர்களுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை இல்லை. பழந்தமிழ் நூல்களைப் பொறுத்தவரை, 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் என்னும் இணைய நூல் தொகுப்பில் பெரும்பகுதி ஏற்கெனவே எழுத்து வடிவில் கிடைக்கிறது.

காப்புரிமை குறித்த தயக்கம் உங்களுக்கு எழலாம். 2012இல் திருத்தப்பட்ட இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, வழக்கமான அச்சு வடிவைப் படிக்க இயலாத மாற்றுத்திறனாளிகளுக்காக நூலை அவர்கள் பயன்படுத்தக்கூடிய வடிவுக்கு மாற்ற அனுமதிக்கிறது. அரசு அங்கீகாரம் பெற்ற நூலகங்களையும் அது வெளிப்படையாகவே உள்ளடக்குகிறது. இலாப நோக்கின்றிச் செய்ய வேண்டும், உற்பத்திச் செலவுக்கு மேல் வாங்கக் கூடாது, அந்தக் கோப்பு பொதுச் சந்தைக்குக் கசியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பவை நிபந்தனைகள். அதாவது, மாற்றிய கோப்பை வாசகர் வட்ட வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். நீங்களே மாற்றத் தொடங்குமுன், மத்திய அரசு ஆதரவுடன் 2016இல் தொடங்கப்பட்ட சுகம்ய புஸ்தகாலயா என்னும் இணைய நூலகத்தில் அந்த நூல் இருக்கிறதா என்று பார்த்துவிடுவது வேலையைக் குறைக்கும்.

மிச்சப் பணத்தில் வெள்ளெழுத்துக் கண்ணாடிகள் சில வாங்கி நூலகர் மேசையில் வையுங்கள். ஒன்று முதல் மூன்று வரையிலான பவர்களில் ஐந்தாறு கண்ணாடிகளும் ஓர் உருப்பெருக்கியும் போதும். கண்ணாடியை வீட்டில் மறந்தவர்களும், வாங்க வசதியில்லாத முதியவர்களும் அன்றே படிக்கத் தொடங்கிவிடுவார்கள். இவ்வளவு குறைந்த செலவில் இத்தனை பேருக்குப் பயன்படும் வேறொன்றை நான் அறியேன்.

வாசலில் சாய்தளம் இல்லையென்றால், அதற்கு உங்கள் நன்கொடையைச் செலவிடாதீர்கள். அது அரசின் கடமை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களையும் விதிகள் அறிவிக்கப்பட்டதிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் எல்லோரும் அணுகத்தக்கவையாக மாற்ற வேண்டும் என்கிறது. விதிகள் 2017இல் வந்துவிட்டன, கெடுவும் முடிந்துவிட்டது. சட்டப் பிரிவைக் குறிப்பிட்டு மாவட்ட நூலக அலுவலருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் மனு கொடுங்கள். சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதியிலும் கேட்கலாம். நூலகத்துக்கென உள்ளூர்ப் பணமே இருக்கிறது என்பதையும் நினைவூட்டுங்கள்: 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டத்தின்படி, சொத்து வரியின் ஒவ்வொரு ரூபாய்க்கும் 10 காசு நூலக வரியாக வசூலிக்கப்படுகிறது. நூலக வாசலை ஒருநாளும் மிதிக்காதவரின் வீட்டு வரியிலும் அந்தப் பத்துக் காசு சேர்ந்தே போகிறது.

சாய்தளப் பணி தொடங்கும்போது அளவுகளைக் கண்காணிப்பது உங்கள் பொறுப்பு. உயரம் ஒரு பங்கென்றால் நீளம் குறைந்தது 12 பங்கு இருக்க வேண்டும். தரை மட்டத்திலிருந்து 45 சென்டிமீட்டர் உயரமுள்ள வாசலுக்கு 5.4 மீட்டர் நீளம் ஆகும். நம் ஊர்களில் கட்டப்படும் சாய்தளங்கள் பல இருசக்கர வண்டியை ஏற்றத்தான் உதவும்; சக்கர நாற்காலியில் இருப்பவர் அதில் தனியாக ஏறினால் பின்னால் சாய்ந்துவிடுவார். இருபுறமும் கைப்பிடியும், மேலே நாற்காலி திரும்புவதற்கு ஒன்றரை மீட்டர் சமதளமும், கதவுக்கு 90 சென்டிமீட்டர் அகலமும் தேவை. உள்ளே அலமாரிகளுக்கு இடையிலும் அதே 90 சென்டிமீட்டராவது இருக்கட்டும்.

பெண்கள் வராததற்குப் பெரும்பாலான கிளை நூலகங்களில் காரணம் நூல்களின் குறைவன்று. முன்னறை முழுவதும் செய்தித்தாள் படிக்கும் ஆண்களால் நிறைந்திருக்க, அவர்களைக் கடந்துதான் நூல் அலமாரிக்குப் போக வேண்டும் என்ற அமைப்பே பலரைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. செய்தித்தாள் மேசையை ஓரமாகவோ தாழ்வாரத்துக்கோ நகர்த்தி, குழந்தைகள் பகுதியை நுழைவாயிலுக்கு அருகில் கொண்டுவந்து பாருங்கள்; குழந்தையை அழைத்து வரும் தாய்க்கு உட்கார ஓர் இடமும் காரணமும் கிடைக்கும். பூட்டியே கிடக்கும் கழிப்பறை இருந்தால், சாவியை முதலில் கண்டுபிடியுங்கள்.

ஆதிதிராவிடர் குடியிருப்பு பற்றி நீங்கள் எழுதியிருப்பது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. அங்குள்ளவர்களுக்குப் படிப்பில் ஆர்வமில்லை என்ற பேச்சை வாசகர் வட்டத்தில் யாரேனும் எடுத்தால் உடனே மறுத்துவிடுங்கள். நூலகம் எந்தத் தெருவில் இருக்கிறது, அந்தத் தெருவில் அவர்கள் எத்தனை தலைமுறை தடையின்றி நடந்திருக்கிறார்கள் என்பதைக் கேட்டால் விடை தெரியும். ஆகவே, வாருங்கள் என்று அழைப்பதைவிட நூல்களை அங்கே கொண்டுபோவது முறை. மன்னார்குடியில் எஸ்.வி. கனகசபைப் பிள்ளை 1931லேயே மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிச் சுற்றுவட்டக் கிராமங்களுக்கு அனுப்பினார். உங்களுக்கு ஒரு மிதிவண்டியும் இரண்டு பெட்டிகளும் போதும். மாவட்ட அலுவலரின் ஒப்புதலோடு, குடியிருப்பிலுள்ள சமுதாயக் கூடத்திலோ பள்ளியிலோ வாரம் ஒருநாள், மாறாத நேரத்தில் நூல் இரவல் கொடுங்கள். எந்த நூல்கள் போக வேண்டும் என்பதை அங்குள்ள இளைஞர்களே தேர்ந்தெடுக்கட்டும். போட்டித் தேர்வு நூல்களைக் கேட்பார்கள், அம்பேத்கரைக் கேட்பார்கள், சமையல் குறிப்பும் கேட்பார்கள். அவர்களில் இருவரையாவது வாசகர் வட்ட நிர்வாகத்தில் சேர்க்காமல் இதைச் செய்தால், தானம் வழங்கும் நிகழ்ச்சியாகச் சுருங்கிவிடும்.

வட மாநிலத் தொழிலாளர்களுக்கு இந்தி, ஒடியா, வங்காள நூல்கள் ஓர் அடுக்கு இருந்தாலே தொடக்கம் ஆகிவிடும். நேஷனல் புக் டிரஸ்ட் இம்மொழிகளில் மலிவு விலையில் வெளியிடுகிறது. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்திலிருந்து சிறுவர் கதைகளை இலவசமாக அச்சிட்டுக்கொள்ளலாம், ஒரே கதையைத் தமிழிலும் இந்தியிலும் அருகருகே வைத்தால் தமிழ் கற்க விரும்புவோருக்கும் அது உதவும். நூலகத்துக்குள் அமர்ந்து படிக்க உறுப்பினராக வேண்டியதில்லை என்பதை அவர்கள் மொழியில் வாசலில் எழுதி வையுங்கள். உள்ளூர்க்காரர் பலருக்கே அது தெரியாது. இரவல் பெற, முகவரிச் சான்றுக்குப் பதிலாக மில் நிர்வாகத்தின் கடிதத்தை ஏற்கலாமா என்று மாவட்ட அலுவலரிடம் எழுத்து வழியாகக் கேட்டுப் பெறுங்கள். படிவத்தைத் திருத்தக் கோரும்போது, பாலினத்துக்கான இடத்தில் திருநருக்கும் இடம் உண்டா என்பதைச் சேர்த்தே கேட்டுவிடலாம்.

இவற்றில் எதைச் செய்தாலும், நூலகர் மேசையில் ஒரு நோட்டைத் திறந்து வையுங்கள். கேட்டுக் கிடைக்காத நூல், வந்து திரும்பிப் போனவர் சொன்ன காரணம் ஆகிய இரண்டை மட்டும் அதில் குறிக்கச் சொல்லுங்கள். வாசகரின் பெயர் வேண்டாம். ஆறு மாதம் கழித்து, ராஜா ராம்மோகன் ராய் நூலக அறக்கட்டளையின் நிதியுதவிக்கோ மாவட்ட நூலக ஆணைக்குழுவிடமோ மாவட்ட அலுவலர் வழியாக விண்ணப்பிக்கும்போது, அந்த நோட்டின் நகலையே இணைத்து அனுப்பலாம். அப்போதும் பிரெய்ல் நூல் வேண்டும் என்று அதில் எழுதியிருந்தால், தயங்காமல் வாங்குங்கள்.