மங்குக்கு பீலிங் செய்யலாமா?

கேள்வி: வயது 34. இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு இரண்டு கன்னங்களிலும் மங்கு படர்ந்துவிட்டது. வேலந்தாவளம் வழியாக தினமும் ஸ்கூட்டரில் கோவைக்கு வேலைக்குப் போகிறேன். ‘பீலிங்’ (அமிலம் பூசித் தோலை உரிப்பது) செய்தால் ஒரே தடவையில் போய்விடும் என்கிறார்கள் பார்லரில். ஆன்லைனில் 70 சதவீத கிளைகாலிக் அமிலம் கிடைக்கிறது. வீட்டிலேயே போடலாமா? இது புது வைத்தியமா?
- வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: அந்தப் பாட்டிலை வாங்கவே வாங்காதீர்கள். கிளைகாலிக் அமிலம் தானாக நிற்காது. தோல் சிவக்கத் தொடங்கியதுமே சோடியம் பைகார்பனேட் கரைசலால் அதை முறிக்க வேண்டும். 70 சதவீதத்தில் ஒரு நிமிடம் பிந்தினாலும் ஆபத்துதான். மூக்கு மடிப்பிலும் உதட்டோரத்திலும் அமிலம் தேங்கி, முதலில் அங்கேதான் புண்ணாகும். நம் மாநிறத் தோலில் புண் ஆறிய இடம் கறுக்கும். அந்தக் கறுப்பு மங்கைவிட அடர்த்தியாக மாதக்கணக்கில் நிற்கும்.

வைத்தியம் பழையதுதான். சாலிசிலிக், ரிசார்சினால், பீனால், ட்ரைகுளோரோஅசிட்டிக் (டி.சி.ஏ.) ஆகியவற்றைத் தோலுரிக்கப் பயன்படுத்துவது பற்றி ஹாம்பர்க் மருத்துவர் உன்னா 1882-லேயே எழுதிவிட்டார். கிளைகாலிக் வகை அமிலங்கள் 1970-களில் வான் ஸ்காட், யூ ஆகியோரின் ஆய்வுகளுக்குப் பிறகே பரவின. ஆழமாக இறங்கும் பீனால் இதயத் துடிப்பையே குலைக்கக்கூடியது. மாநிறத்தில் நிரந்தர வெளுப்பையும் உண்டாக்கும். நமக்கு அது வேண்டாம்.

உங்களுக்கு ஏற்றது மேல்தோலோடு நிற்கும் பீல். தோல் மருத்துவர் 20 முதல் 35 சதவீத கிளைகாலிக்கில் தொடங்கி, 2-3 வாரத்துக்கு ஒருமுறை, ஏறத்தாழ 6 தடவை செய்வார். அதற்கு 2 வாரம் முன்பிருந்தே இரவு க்ரீமும் சன்ஸ்கிரீனும் தந்து தோலைத் தயார்ப்படுத்துவார். முந்தின வாரம் ப்ளீச், வேக்சிங், முகத்தில் த்ரெட்டிங் எதுவும் கூடாது. உதட்டில் அக்கி வரும் வழக்கம் இருந்தாலும், பாலூட்டினாலும், கருத்தடை மாத்திரை சாப்பிட்டாலும் முன்கூட்டியே சொல்லுங்கள். அந்த மாத்திரையே மங்கைத் தூண்டலாம்.

ஒரே தடவையில் மங்கு போகாது. போனாலும் வெயில் பட்டால் திரும்பும். பாலக்காட்டுப் பங்குனி வெயிலில் ஸ்கூட்டர் ஓட்டுபவருக்கு பீலைவிட சன்ஸ்கிரீன்தான் முக்கியம். எஸ்.பி.எஃப். 30-க்கு மேல், அயர்ன் ஆக்சைடு கலந்த நிறமுள்ளதாக வாங்குங்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மங்கைக் கூட்டும், அதை இந்த நிறமிதான் தடுக்கும். முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து இரண்டு விரல் நீள அளவு, 2-3 மணி நேரத்துக்கு ஒருமுறை. உரியும் தோலைப் பிய்க்காதீர்கள்.

கேள்வி: பருவுக்கு சாலிசிலிக் பீல் போட்டபோது முகம் வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டது. தோல் வெந்துவிட்டதா?
- வாசகர், நகரி

பதில்: இல்லை. ஆல்கஹால் ஆவியானதும் தோலில் தங்கும் சாலிசிலிக் படிகம் அது. ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும். முறிக்கும் கரைசலும் தேவையில்லை. டி.சி.ஏ. போட்டு வரும் வெண்மைதான் வேறு: தோலின் புரதமே உறைவதால் வருவது, துடைத்தாலும் போகாது. எது போட்டார்கள், எத்தனை சதவீதம் என்று சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர்கள் சாலிசிலிக் பீல் பக்கமே போகக் கூடாது.