‘கூல்’ என்றால் குளிர்ச்சிதானே, எதற்கெடுத்தாலும் ஏன் ‘கூல்’ என்கிறார்கள்?

அடிப்படைப் பொருள் குளிர்ச்சிதான். ஆனால் இதமான குளிர். சாயங்காலம் காசிமேட்டில் அடிக்கும் கடற்காற்று கூல். அங்கேயே மீன் பெட்டியில் உடைத்துக் கொட்டுகிற ஐஸ், கோல்டு. (ஆளுக்கு வைக்கும் ஐஸ் வேறு கதை.)

கோபம் சூடு என்றால் நிதானம் கூல். இது நமக்கும் புதிதல்ல, ‘சூடாகாதே’ என்கிறோமே. சிக்கல் இதற்கப்புறம்தான். பதறாத ஆளைப் பாராட்டவும் கூல். முகம் கொடுத்துப் பேசாமல் பட்டும் படாமலும் வரவேற்றால் அதுவும் கூல். அதனால் ‘கூலான வரவேற்பு’ என்று ஆங்கிலத்தில் எழுதிவிடாதீர்கள், திட்டியதாக ஆகிவிடும். ‘அசத்தல்’ என்கிற பொருள், 1940களில் அமெரிக்கக் கறுப்பின ஜாஸ் கலைஞர்களின் பேச்சு வழியாகப் பரவியது. ‘சரி, பிரச்சினை இல்லை’ என்பதற்கும் இன்று அதே சொல்தான்.

தமிழில் அது இன்னொரு வழியில் போயிருக்கிறது. ‘காசைத் தொலைச்சிட்டு கூலா வந்து நிக்கிறான்’ என்றால் அது பாராட்டல்ல, எரிச்சல். வெயில் கண்ணாடி நமக்குக் கூலிங் கிளாஸ்; ஆங்கிலேயருக்கு அது சன்கிளாஸ். வேடிக்கை கூல்டிரிங்ஸ்தான். அவர்கள் சாஃப்ட் டிரிங் என்பதற்கு நாம் வைத்த பெயர் அது. பாட்டில் சூடாக இருந்தாலும் பெயர் மாறாது. பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு கடையில் என் அம்மா, சளி பிடித்திருந்ததால், “கூல்டிரிங்ஸ் ஒண்ணு, கூலிங் இல்லாம குடுப்பா” என்றார். கடைக்காரர் சிரிக்கவே இல்லை. ஃப்ரிட்ஜைத் திறக்காமல், பின்னாலிருந்த பெட்டியிலிருந்து ஒன்றை உருவிக் கொடுத்தார்.