நாலு வேலை சொன்னா ரெண்டுதான் செய்றான், சோம்பேறித்தனமா?

கேள்வி: என் பையனுக்கு பி.கே.யு. (பீனைல்கீட்டோனூரியா), புரதத்துல இருக்கற பினைல்அலனினை உடம்பால சரியா உடைக்க முடியாத பிறவிக் கோளாறு. பொறந்த ரெண்டாவது வாரத்துலயே தெரிஞ்சு, பினைல்அலனின் கம்மியா இருக்கற டயட் ஆரம்பிச்சுட்டோம். இப்ப 13 வயசு, மார்க் ஓரளவு நல்லாவே வாங்குறான். ஆனா நாலு வேலை சொன்னா ரெண்டு மறந்துடுறான், பெரிய கணக்குன்னா பாதி ஸ்டெப்ல நின்னுடுறான். வீட்ல எல்லாரும் சோம்பேறின்னு திட்டுறாங்க. வளர்ந்துட்டானே, டயட்டை நிறுத்திடலாமா?

பதில்: மொதல்ல அந்த திட்டை நிறுத்துங்கம்மா, டயட்டை இல்ல. சீக்கிரமே டயட் ஆரம்பிச்ச பிள்ளைங்களோட ஐ.க்யூ. பொதுவா நார்மலாத்தான் இருக்கும், கூடப்பொறந்தவங்களோட ஒப்பிட்டா சராசரியா கொஞ்சம் கம்மி, அவ்வளவுதான். டயட்டே இல்லாம விட்டிருந்தா மூளை வளர்ச்சி மோசமா பாதிச்சிருக்கும், அதை நீங்க தடுத்துட்டீங்க, அது சின்ன விஷயமே இல்ல.

நீங்க சொல்றது வேற. சொன்னதை மனசுல நிறுத்தி வச்சுக்கறது, எதுக்கப்புறம் எதுன்னு திட்டம் போடறது, வேகமா யோசிக்கறது, இதுலதான் இந்தப் பிள்ளைங்களுக்கு லேசா தடுமாற்றம் வரலாம், ஐ.க்யூ. டெஸ்ட்ல பெரும்பாலும் பிடிபடாது. பினைல்அலனினும், டைரோசின்ங்கற இன்னொரு புரதத் துணுக்கும் மூளைக்குள்ள போறது ஒரே மாதிரி வாசல் வழியாத்தான்; ரத்தத்துல பினைல்அலனின் ஏறினா அந்த வாசலை அதுவே அடைச்சுக்கும், டைரோசின் உள்ள போறது கொறையும், டைரோசின்லேர்ந்துதான டோபமைன்ங்கற மூளை ரசாயனம் உருவாகணும், நெற்றிக்குப் பின்னாடி இருக்கற மூளைப் பகுதி அந்த டோபமைனை நம்பித்தான் இந்த வேலையெல்லாம் செய்யுது.

ஒரு காலத்துல ஸ்கூல் வயசுலயே டயட்டை நிறுத்தச் சொன்னாங்க, அப்படி விட்ட பலருக்கு கவனம், மூடு எல்லாம் கெட்டுப்போச்சு, அதனால இப்ப ஆயுசு முழுக்கங்கறாங்க. ரத்தத்துல பினைல்அலனின் 12 வயசு வரைக்கும் லிட்டருக்கு 120-லேர்ந்து 360 மைக்ரோமோலுக்குள்ள இருக்கணும். அதுக்கப்புறம் ஐரோப்பாவுல 600 வரை விடுறாங்க, அமெரிக்காவுல கடைசி வரை 360-தான். என்னைக் கேட்டா, இவனுக்கு 360-க்குள்ளயே வச்சுக்க முடியுமான்னு டாக்டர்கிட்ட பேசுங்க. கடைசி ரிசல்ட்டை மட்டும் பார்க்காதீங்க, பழைய ரிசல்ட்டையும் எடுத்து வச்சு ஏத்த இறக்கம் எவ்வளவுன்னு பாருங்க, அதுவும் முக்கியம். இந்த வயசுல பசங்க புரத ஃபார்முலாவை (சாப்பாட்டுப் புரதத்துக்குப் பதிலா குடிக்கற பானம்) ரகசியமா கொட்டிடறதும் உண்டு, கோவப்படாம கேளுங்க.

ஞாபகம், கவனம், யோசிக்கற வேகம் இதையெல்லாம் பார்க்கற நியூரோசைக்காலஜி டெஸ்ட் ஒண்ணு எடுத்துடுங்க. வீட்ல நாலு வேலையையும் ஒரே மூச்சுல சொல்லாம எழுதி ஒட்டுங்க. டெஸ்ட்ல வேகம் கம்மின்னு வந்தா அந்த ரிப்போர்ட்டை ஸ்கூல்ல காட்டி பரீட்சைக்கு கூடுதல் நேரம் கேளுங்க, கூச்சப்படவே வேணாம்.