போர்ட் லூயிஸில் காசில்லாமல் ஓர் ஆண்டு

அன்புள்ள ஐயா,

தஞ்சாவூரிலிருந்து மொரீஷியஸுக்கு வந்து, தலைநகர் போர்ட் லூயிஸில் குடியேறி நான்கு மாதம் ஆகிறது. கணவருக்குத் துறைமுகம் பக்கம் வேலை. மூத்தவனுக்குப் பதினொன்று, சின்னவளுக்கு ஏழு வயது. வார இறுதியில் கடைவளாகத்துக்குப் போனால் ஐஸ்கிரீம், விளையாட்டு என்று பணம் கரைகிறது. எங்கும் போகாமல் இருந்தால் பிள்ளைகள் போனை விட்டு எழுவதில்லை. காசு செலவில்லாமல், ஆண்டு முழுக்கப் போகக்கூடிய இடங்கள் இந்த ஊரில் உண்டா? ஒரு ஞாயிறு மதியம் நடந்து பார்க்கலாம் என்று போனோம். எல்லாம் பூட்டிக் கிடந்தது, வெயிலில் தலைவலிதான் மிச்சம். மழைக்காலத்தில் என்ன செய்வது என்றும் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசி வரிகளிலேயே இந்த ஊரின் குணம் இருக்கிறது. போர்ட் லூயிஸில் நல்ல இடங்களில் பெரும்பாலானவற்றுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு நேரமும் ஒரு பருவமும் உண்டு. நீங்கள் போன ஞாயிறு மதியம் வாரத்திலேயே மோசமான வேளை. வேலை நாட்களில் மாலை ஐந்துக்குள் அலுவலகக் கூட்டம் பேருந்தில் ஏறிப் போய்விடும், அதன்பின் கோதான் துறைமுகக்கரை தவிர மற்றத் தெருக்கள் வெறிச்சோடிவிடும். ஞாயிறு அன்று அந்த வெறுமை காலையிலேயே தொடங்கிவிடுகிறது.

வெயிலுக்கும் காரணம் இருக்கிறது. இந்தத் தீவில் காற்று தென்கிழக்கிலிருந்து வீசுகிறது. மலைகள் அந்தக் காற்றையும் மழையையும் தடுத்துவிட, ஊர் வடமேற்குப் பக்கம் மலையடியில் ஒதுங்கிக் கிடக்கிறது. மேட்டுநிலத்தில் இருக்கும் கியூர்பிப் ஊரில் சாரல் அடித்துக் குளிரும் நேரத்தில் இங்கே வியர்க்கும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை வெளியில் செய்வதையெல்லாம் காலை ஒன்பதுக்குள் முடித்துவிடுங்கள், இல்லையென்றால் மாலை நாலரைக்குப் பிறகு வையுங்கள். மே முதல் அக்டோபர் வரை பகல் முழுவதும் உங்களுடையது. ஆனால் ஜூனில் மாலை ஐந்தே முக்காலுக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும், டிசம்பரில் ஏழு மணியை நெருங்கும். மலையேறப் போகிறவர்கள் இந்த ஒரு மணி நேர வித்தியாசத்தை மறந்துதான் இருட்டில் மாட்டிக்கொள்கிறார்கள்.

முதலில் ஷாம் தெ மார்ஸ். 1812 முதல் குதிரைப் பந்தயம் நடக்கும் திடல். 1968 மார்ச் 12-ஆம் தேதி இந்த நாட்டின் கொடி ஏறியதும் இங்கேதான். பந்தயம் இல்லாத நாட்களில் ஊரார் காலையும் மாலையும் நடக்கிற இடம் இது. மூன்று பக்கமும் மலை நிற்க நடுவில் விரிந்த புல்வெளி. பிள்ளைகளுக்குப் பந்து ஒன்று போதும். விடியற்காலையில் குதிரைகளுக்குப் பயிற்சி நடக்கும். வேலிக்கு வெளியே நின்று பாருங்கள், பாதையைக் குறுக்கே கடக்க வேண்டாம். பந்தய நாளிலும் நடுத்திடலில் நின்று பார்க்கக் காசு வேண்டாம். பந்தயப் பருவம் பெரும்பாலும் இந்தத் தீவின் குளிர்காலமான மே முதல் அக்டோபர் வரையிலான மாதங்களை ஒட்டி வரும். செலவு பந்தயம் கட்டும் சன்னலில்தான் இருக்கிறது. பிள்ளைகளோடு போகிறவர்கள் அந்தப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது என்பது என் திடமான கருத்து.

திடலுக்கு மேலே தெரிகிற கருங்கல் கோட்டை அடிலெய்ட் கோட்டை. ஊரார் சித்தாடெல் என்பார்கள். 1834-இல் தொடங்கி 1840-இல் கட்டி முடித்தார்கள். காலையில் போனால் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும், துறைமுகமும் கப்பல்களும் துலக்கமாகத் தெரியும். மாலையில் போனால் வெளிச்சம் மலைகள்மேல் விழும், கடல் பக்கம் கண் கூசும். கப்பல் பார்க்கக் காலை, மலை பார்க்க மாலை என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுப்பகலில் கல் சூடேறி நிற்க முடியாது. மேலே போகும் தெருக்கள் இருட்டிய பின் ஆளரவமற்றுப் போய்விடும், அதற்குமுன் இறங்கிவிடுங்கள்.

சிக்னல் மலை 323 மீட்டர். மேலே வரை தார்ச்சாலை போகிறது, வழிதவற வாய்ப்பில்லை. பிள்ளைகளுக்கு முதல் மலையாக இதைத்தான் சொல்வேன். மேலே கடை எதுவும் கிடையாது, ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் கட்டாயம். ஏறும் எண்ணமில்லாத நாளில் இதே மலைச்சரிவில் இருக்கும் மரி ரேன் தெ லா பே மாதா கோயிலுக்குப் போய் உட்காருங்கள். படிப்படியாக அமைத்த தோட்டம், எதிரே துறைமுகம். 1989-இல் போப் இரண்டாம் ஜான் பாலும், 2019-இல் போப் பிரான்சிஸும் திருப்பலி நிறைவேற்றிய இடம்.

இனி சனிக்கிழமை காலை. இதற்குப் போட்டியில்லாத இடம் ஆப்ரவாசி காட், ஒப்பந்தக் கூலிகள் கப்பலிலிருந்து வந்திறங்கிய பழைய தளம். பலர் நேராகப் பதினாறு படிகளைப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா" என்று ஐந்து நிமிடத்தில் திரும்பிவிடுகிறார்கள். மிஞ்சியிருப்பது 1,640 சதுர மீட்டர்தான். அது என்ன என்று தெரியாமல் பார்த்தால் இடிந்த சுவர்கள் மட்டுமே தெரியும். அதனால் வரிசையை மாற்றுங்கள். வாசலை ஒட்டிய விளக்கக் கூடத்தில் முதலில் ஒரு மணி நேரம் செலவிடுங்கள். 1834 நவம்பர் 2-ஆம் தேதி அட்லஸ் கப்பலில் 36 பேர் வந்தது, 1849-இல் இந்த இறங்குதளத்தைக் கட்டியது, ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர் ஒப்பந்தக் கூலிகளாக இந்தத் தீவுக்கு வந்தது எல்லாம் அங்கே விளங்கும். அதன்பின் வெளியே வந்து சமையற்கூடம் எது, கழிப்பறை எது, மருத்துவப் பகுதி எது என்று பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். படிகளைக் கடைசியில் பாருங்கள். அந்தப் படிகளில் ஏறியவர்களில் நம் தமிழ் மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள் ஏராளம். தஞ்சாவூர்ப் பிள்ளைகள் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும். கட்டணம் இல்லை. சனிக்கிழமை நண்பகலோடு மூடிவிடுவார்கள், ஒன்பதரைக்குள் போய்ச் சேருங்கள். நவம்பர் 2 அன்று படிகளில் மலர்வளையம் வைக்கும் அரசு நிகழ்ச்சி நடக்கும், அந்தக் காலையில் நிதானமாகப் பார்க்க வழியிருக்காது.

லா ஷோசே தெருவில் இருக்கும் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் அடுத்தது. இந்தத் தீவில் வாழ்ந்து அழிந்துபோன டோடோ பறவையின் எலும்புக்கூடுகளில் பெரும்பாலானவை பல பறவைகளின் எலும்புகளைச் சேர்த்துக் கோத்தவை. ஒரே பறவையின் முழு எலும்புக்கூடு என்று அறியப்பட்டது இந்த அருங்காட்சியகத்துக்கு உரியதுதான். தீரியூ என்ற முடிதிருத்துநர், ஓய்வு நேரத்தில் லெ பூஸ் மலைப்பக்கக் குகைகளைத் தேடி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கண்டெடுத்தது. மூத்தவனுக்கு இதை முதலிலேயே சொல்லிவிட்டுக் கூட்டிப்போங்கள். சின்னவளுக்கு ஒரு தாளும் பென்சிலும் கொடுங்கள், அலகை மட்டும் வரையச் சொன்னால் அரை மணி நேரம் நகரமாட்டாள். வாரத்தில் ஒரு வேலை நாளும் விடுமுறை உண்டு. நேரமும், வெளிநாட்டவருக்குக் கட்டணம் உண்டா என்பதும் வாசல் பலகையில் இருக்கும், உள்ளே போகுமுன் பார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே கம்பெனித் தோட்டம். பெரிய ஆலமரங்களின் நிழல், நடுப்பகலில் கட்டிவந்த சோற்றைச் சாப்பிட ஏற்ற இடம். பகலில் மட்டும்.

கோதானில் இருக்கும் புளூ பென்னி அருங்காட்சியகத்துக்குக் கட்டணம் உண்டு, அதனால் இந்தக் கடிதத்துக்கு அது சேராது. ஆனால் எப்போதாவது போனால் ஒன்று நினைவிருக்கட்டும். 1847-இல் இந்தத் தீவு வெளியிட்ட அசல் தபால்தலைகள்மேல் மணிக்கு ஒருமுறை, அரை மணியை ஒட்டிப் பத்து நிமிடம்தான் விளக்குப் போடுவார்கள். மற்ற நேரம் நகல்தான் கண்ணில் படும்.

மத்தியச் சந்தையைப் பார்க்கக் காசு வேண்டாம் என்றாலும் தால் பூரி வாசனை உங்களை விடாது. அங்கே போகும் நாளை இலவச நாளாக எண்ண வேண்டாம்.

லெ பூஸ் மலை பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 812 மீட்டர், தீவின் மூன்றாவது உயரமான சிகரம். 1836 மே மாதம் டார்வின் ஏறிய மலை. போர்ட் லூயிஸிலிருந்து பார்த்தால் நேர்மேலே தெரிவதால் ஊர்ப்பக்கமிருந்தே ஏறலாம் என்று பலர் கிளம்புகிறார்கள். திராங்கேபார், பூஸ் பள்ளத்தாக்கு வழியாக ஏறும் அந்தப் பாதை நீளமானது, செங்குத்தானது, ஆள்நடமாட்டமும் குறைவு. பிள்ளைகளோடு அது வேண்டாம். செயிந்த் பியேர் போகும் பேருந்தில் மறுபக்கம் போய், பெத்தி வெர்ஜே அருகிலிருந்து ஏறுங்கள். அந்தப் பக்கம் நிலமே உயரத்தில் இருப்பதால் ஏற்றம் பாதியாகக் குறைகிறது. முதலில் கரும்புத் தோட்டம், பிறகு காட்டுக் கொய்யாப் புதர், பிறகு மலையின் தோள். அதுவரை ஒரு மணி நேரம். தோளில் நின்றாலே ஊரும் கடலும் தெரிந்துவிடும், சின்னவளோடு அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். கடைசியில் கட்டைவிரல்போல் நிற்கும் சிகரப் பகுதி கொஞ்சம்தான், ஆனால் கையூன்றிப் பாறையில் ஏற வேண்டும். காற்று பலமாக அடிக்கும்.

இந்த மலையில் அடிபடுகிறவர்களில் பலருக்கு இறங்கும்போதுதான் அடிபடுகிறது. மழை பெய்து இரண்டு நாள் ஆனாலும் புதர் நிழலில் செம்மண் காயாமல் வழுக்கும். பூங்காவுக்குப் போகும் செருப்பு ஆகாது, அடியில் வரிப்பள்ளம் உள்ள சப்பாத்து வேண்டும். காலை ஏழுக்கு ஏறத் தொடங்கினால் பத்தரைக்குள் கீழே வந்துவிடலாம். பதினொன்றுக்குமேல் சிகரத்தில் மேகம் இறங்கினால் ஏறிய பலன் போய்விடும். மே, ஜூனில் போனால் வழியில் சிவந்த சின்னக் கொய்யா பழுத்திருக்கும். நன்றாகச் சிவந்ததை மட்டும் பறியுங்கள்.

கடலுக்கு வருகிறேன். ஊருக்குள் குளிக்கத் தகுந்த கரை இல்லை. பேருந்துக் கட்டணம் ஒன்றுதான் செலவு. வடக்கே மோன் ஷுவாசி, துரு ஓ பிஷ் போக இமிகிரேஷன் நிலையம், மேற்கே ஃபிளிக் ஆன் ஃபிளாக் போக விக்டோரியா நிலையம். பள்ளி மாணவருக்கு இலவசப் பேருந்துத் திட்டம் இருக்கிறது, பிள்ளைகளுக்கு அட்டை கிடைக்குமா என்று பள்ளியிலேயே கேளுங்கள். அலையேறும் எல்லைவரை கரை பொதுமக்களுடையது, ஹோட்டல் முன்னால் நடந்துபோக யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. நாற்காலியும் குடையும் மட்டும் அவர்களுடையது. குளிர்காலத்தில் தென்கிழக்குக் காற்று கிழக்குக் கரையைக் கலக்கிக்கொண்டிருக்கும்போது மேற்குக் கரை அடங்கியிருக்கும், ஜூலை ஆகஸ்டில் ஃபிளிக் ஆன் ஃபிளாக்தான் சரி. தண்ணீருக்குள் ரப்பர் செருப்பு அவசியம், பாறையிடுக்கில் கடல் முள்ளெலியும் கல்மீனும் இருக்கும். பவளத்தை எடுத்துவர வேண்டாம்.

பொது விடுமுறை நாட்களில் அருங்காட்சியகங்கள் பூட்டியிருக்கும், அன்று தெருவும் கோயிலும்தான் இடம். தைப்பூசக் காவடிக்கு ஊரின் புறப்பகுதியான செயிந்த் குரோவாவில் இருக்கும் சொக்கலிங்கம் மீனாட்சி அம்மன் கோயிலுக்குப் போங்கள். பத்து நாள் விரதமிருந்தவர்கள் பால் சொம்போடு வருவார்கள். பூஜை முடிந்ததும் வாழையிலையில் ஏழு கறிச் சாப்பாடு, வந்தவர் எல்லாருக்கும். ஜனவரி, பிப்ரவரித் தார்ச்சாலை மதியத்தில் காலைச் சுட்டுவிடும். செருப்பில்லாமல் ஊர்வலத்தோடு நடக்கச் சின்னவளை விடாதீர்கள், காலையிலேயே போய் நிழலில் இடம்பிடியுங்கள். சிவராத்திரிக்கு முந்தைய நாட்களில் கிராண்ட் பாசின் புனித ஏரிக்கு நடப்பவர்களுக்கு வழிநெடுக சாறும் பலகாரமும் கொடுப்பார்கள். செப்டம்பர் 8 இரவு லவால் அடிகளார் என்ற கத்தோலிக்கப் பாதிரியாரின் கல்லறைக்கு எல்லா மதத்தாரும் தீவெங்கிலுமிருந்து நடந்து வருவார்கள், அந்தக் கல்லறையும் செயிந்த் குரோவாவில்தான். நெரிசல் பிடிக்காதவர்கள் மறுநாளுக்கு மறுநாள் போகலாம், மெழுகுவர்த்தி வாசனை அப்போதும் இருக்கும்.

இனி மழைக்காலம். டிசம்பரிலிருந்து மார்ச் வரை காலையில் வெளியே, மழை வந்தால் விளக்கக் கூடமும் அருங்காட்சியகமும் என்று மாற்றிக்கொள்ளுங்கள். புயல் எச்சரிக்கை நான்கு நிலைகளில் வரும். ஒன்றாம் எச்சரிக்கை வந்ததும் மலை, கடல் இரண்டையும் அந்த வாரத்துக்கு மறந்துவிடுங்கள். அப்போது வானம் நீலமாகவே இருக்கலாம், அதை நம்பிக் கடலுக்குப் போகக் கூடாது, பேரலைகள் புயலுக்கு முன்னாலேயே வந்துவிடும். மூன்றில் பேருந்து நின்றுவிடும், எல்லாரும் வீட்டுக்குள் இருக்க வேண்டும். மணிக்கு 120 கிலோமீட்டர் வேகக் காற்று பதிவானால் நான்கு.

புயல் இல்லாத பெருமழைதான் இந்த ஊருக்கு இன்னும் ஆபத்து. மலையிலிருந்து கொட்டும் தண்ணீர் சில நிமிடங்களில் துறைமுகக்கரைக்கு வந்துவிடும். 2013 மார்ச் 30 அன்று அப்படி வந்த வெள்ளத்தில் 11 பேர் இறந்தார்கள். அவர்களில் சிலர் கோதான் சுரங்கநடைபாதையிலும் நிலத்தடி வண்டி நிறுத்தத்திலும் சிக்கியவர்கள். கோதானில் இருக்கும்போது வானம் கறுத்துக் கொட்டத் தொடங்கினால் நெடுஞ்சாலைக்கு அடியில் போகும் வழியில் இறங்காதீர்கள். அருகிலிருக்கும் கட்டடத்தின் முதல் மாடிக்கு ஏறி, தண்ணீர் வடியும்வரை பிள்ளைகளோடு அங்கேயே இருங்கள்.