வாய்த்தகைப் பொய்க்கனா

அன்புள்ள ஐயா,

என் தந்தை மறைந்து 3 ஆண்டுகள் ஆகின்றன. சென்ற வாரம் விடியற்காலையில் அவர் கனவில் வந்தார். வாசற்படியில் செருப்பைக் கழற்றிவிட்டு, ‘குடிக்கக் கொஞ்சம் தண்ணி கொண்டு வாம்மா’ என்றார். நான் மறந்தேவிட்டதாக நினைத்திருந்த அதே குரல். எழுந்து, சொம்பில் தண்ணீர் மொண்டுகொண்டு போய், தாழ்ப்பாளில் கை வைத்த பிறகுதான் அவர் இல்லை என்பது உறைத்தது. விடியற்காலைக் கனவு பலிக்கும், அவருக்கு ஏதோ குறை இருக்கிறது என்கிறார் அத்தை. என் கணவர் மருத்துவரைப் பார்க்கச் சொல்கிறார். ஒரு கனவு இவ்வளவு உண்மையாக இருக்க முடியுமா?

க., கும்பகோணம்

அன்புள்ள க.,

தாழ்ப்பாளில் கை வைத்ததைப் படித்ததும் குறுந்தொகையின் 30ஆம் பாடல் நினைவுக்கு வந்தது. கச்சிப்பேட்டு நன்னாகையார் பாடியது. பிரிந்து சென்ற தலைவன் இரவில் தன்னைத் தழுவியதாகக் கனவு கண்ட தலைவி, விழித்தெழுந்து, அவன் அருகில் இருப்பதாகவே எண்ணிப் படுக்கையைத் தடவிப் பார்த்ததைத் தோழியிடம் சொல்கிறாள். அந்தக் கனவை அவள் ‘வாய்த்தகைப் பொய்க்கனா’ என்கிறாள்: மெய்யின் தன்மை கொண்ட பொய்க்கனவு. பொய் என்பது அவளுக்குத் தெரியும்; தெரிவதற்குள் கை நீண்டுவிட்டது. கனவில் அவன் ‘மெய்யுற’த் தழுவினான் என்கிறது பாடல். உடலுக்கும் உண்மைக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கும் மொழியில் இதை வேறெப்படிச் சொல்வது?

1953இல் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யூஜின் அசெரின்ஸ்கியும் நதானியேல் கிளைட்மேனும், மூடிய இமைகளுக்குள் விழிகள் விரைந்து அசையும் ஓர் உறக்கநிலையைப் பற்றி எழுதினார்கள். அந்நிலையில் எழுப்பப்பட்டவர்களில் பெரும்பாலோர் கனவு கண்டுகொண்டிருந்ததாகக் கூறினார்கள். அப்போது காட்சிக்கும் உணர்ச்சிக்கும் உரிய மூளைப் பகுதிகள் முனைப்பாக இயங்க, ‘அப்பாதான் இறந்துவிட்டாரே, இவர் எப்படி வந்தார்?’ என்று குறுக்குக் கேள்வி கேட்கக்கூடிய, நெற்றிக்குப் பின்னால் உள்ள பகுதி பெரிதும் அடங்கிக் கிடக்கிறது. மறுத்துச் சொல்ல ஆளில்லாத சபையில் எது சொன்னாலும் உண்மைதான். கண் திறந்த பிறகும் அந்தப் பகுதி முழுதாகத் தெளியச் சில நிமிடங்கள் பிடிக்கும். அதற்குள் கால்கள் வாசலுக்குப் போய்விடுகின்றன.

நான் பிறந்த வீட்டை விற்று நெடுங்காலம் ஆகிவிட்டது. அந்த வீட்டைக் கனவில் கண்டு விழிக்கும் நாட்களில் என் கை இடப்பக்கச் சுவரில் சுவிட்சைத் தேடும். இப்போதுள்ள வீட்டில் அந்தப் பக்கம் சுவரே கிடையாது. விரல்கள் கொசுவலையில் போய்ச் சிக்கும்.

அத்தை சொல்வதில் பாதியை நான் ஒப்புக்கொள்கிறேன். ஏறத்தாழ 90 நிமிடங்களுக்கு ஒருமுறை வந்துபோகும் அந்த உறக்கநிலை, முன்னிரவில் சில நிமிடங்களே நீடிக்கும்; விடியும் தறுவாயில் அரைமணி நேரம்கூட நீளும். அதிலிருந்து நேராக விழிப்புக்கு வருவதால் விடியற்காலைக் கனவு கலையாமல் கைக்குக் கிடைக்கிறது. நடுச்சாமத்துக் கனவுகள் பெரும்பாலும் தடமின்றிப் போய்விடுகின்றன. நினைவில் நின்றதற்குத்தானே பலன் சொல்ல முடியும்? திதி கொடுப்பது உங்கள் விருப்பம். அதற்கு இந்தக் கனவை ஆணையாகக் கொள்ள வேண்டியதில்லை.

உங்கள் கணவருக்கும் ஒரு வார்த்தை: அன்புக்குரியவரை இழந்த பலருக்கும் இப்படிக் கனவு வருவதுண்டு, அது நோயன்று. கனவுக்கு அஞ்சி உறங்காமல் இருந்தாலோ, உறக்கத்திலேயே எழுந்து நடந்தாலோ, கைகால்களை வீசி அடித்துக்கொண்டாலோ மருத்துவரிடம் போவது சரி.

அவர் தண்ணீர் கேட்டதற்குப் பொருள் தேடிக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கோ அந்தக் குரல் திரும்பக் கிடைத்ததே பெரிதாகத் தெரிகிறது. கனவின் நினைவு வெகுவிரைவில் மங்கக்கூடியது. ஒரு வாரம் வேறு போய்விட்டது. இன்றைக்கே ஒரு நோட்டை எடுத்து, ‘வாம்மா’ என்பதை அவர் எப்படி இழுத்துச் சொன்னார், செருப்பை எந்தப் படியில் விட்டார் என்பதையெல்லாம் எழுதி வையுங்கள்.